டீச்சர் ரோட்டுல ஆடலாமா?

“டீச்சர் ரோட்டுல ஆடலாமா?”

கரஸ்பாண்டென்ட் என்னிடம் கேட்ட கேள்வி இது. மேசைமேல் அவருடைய போன். போனுக்குள் நான். ஏப்ரல் 14 ராத்திரி எங்க காலனி முனையில், அண்ணல் படத்துக்கு முன்னால், நீலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறைக்கு ஆடுகிறேன். பெரியம்மா மகன் எடுத்துத் தன் பேஸ்புக்கில் போட்டிருந்தான். நாற்பது நொடிதான் இருக்கும். அதிலும் பாதி நேரம் இருட்டு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி ரோலிங் மில் புகைக்கு நடுவே முளைத்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் அதுவும் ஒன்று. பெயர் வேண்டாம். எந்தப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் கதை மாறப்போவதில்லை. எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்துவிட்டு மாசம் 9,500 ரூபாய்க்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் மட்டும் அவர்கள் பீரோவில் கிடந்தது.

“ஆடினா என்ன சார்?” என்று கேட்டேன்.

“பேரன்ட்ஸ் குரூப்ல யாரோ போட்டுட்டாங்கம்மா. காலைலேர்ந்து போன் மேல போன். பசங்க நாளைக்கு உங்கள எப்படி மதிப்பாங்க?” கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு நல்லது செய்வதுபோலச் சொன்னார்: “நீங்க இன்ன ஆளுங்கன்னு இவ்ளோ நாளா யாருக்கும் தெரியாம இருந்துச்சு.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆடினது குற்றமில்லை. தெரிஞ்சுபோனதுதான் குற்றம். நான் மறைத்துவைத்திருந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை என் உடம்பு நாற்பது நொடியில் ஊருக்குச் சொல்லிவிட்டது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘ஒழுக்கம்’.

வேலையை விட்டு நீக்கினார்களா என்றால் அதுவும் இல்லை. ஆர்டரே கொடுக்காதவளை எந்தத் தாளில் நீக்குவது? “லீவு முடிஞ்சு வர வேணாம்மா.” அவ்வளவுதான். சர்ட்டிபிகேட்டை வாங்க மூன்று முறை நடந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். மில் கேன்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தது. “இன்னாடி, ஆடுனதுக்கா வேலய வுட்டு நிறுத்திட்டாங்கோ? அந்தாளு பொண்ணு கல்யாணத்துல ஸ்டேஜ் மேல ஏறி ஆடுச்சே, அத்த யாரு கேட்டாங்கோ?” என்றது.

எட்டாவதுகூடப் படிக்காத என் அம்மா கேட்ட இந்தக் கேள்விக்கு, கல்வியியல் படித்த ஒருவரும் இன்றுவரை எனக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் அதே பள்ளியில்தான் பொறுப்பில் இருந்தார். அவர் ரிசப்ஷனில் சினிமாப் பாட்டுக்கு ஆடிய வீடியோ ஸ்டாஃப் குரூப்பிலேயே வந்தது. டீச்சர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சிவப்பு இதயம் போட்டோம். நானும் போட்டேன். அவர் நன்றாகத்தான் ஆடினார். மண்டபத்துக்குள் ஆடினால் சந்தோஷம், சேரி முனையில் ஆடினால் ஒழுக்கக்கேடு. டிஜே போட்டால் கொண்டாட்டம், பறை அடித்தால் அசிங்கம். ஒழுக்கம் என்பது நடத்தையில் இல்லை தோழர்களே, விலாசத்தில் இருக்கிறது.

*

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பேரன்ட்ஸ் குரூப்புக்கு அனுப்பியவர் என்று நான் சந்தேகப்படுகிறவர் அதே பள்ளியின் கணக்கு சார். நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வருஷா வருஷம் சாதித் தலைவர் படம், கையில் வாள், பின்னால் சிங்கம், கீழே ‘ஆண்ட பரம்பரை’. அவரிடம் படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். சிலர் அதையே தங்கள் ஸ்டேட்டஸிலும் வைக்கிறார்கள். அதற்குக் கரஸ்பாண்டென்ட் ரூமுக்கு யாரையும் கூப்பிட்டதில்லை. அது ‘அவருடைய பர்சனல்’.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மாணவர் வட்டத்தில் பேசியபோது ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, நீங்க ஆடினது உங்க தனிவாழ்க்கைன்னா, அவர் சாதிப் பெருமை போடறதும் அவரு தனிவாழ்க்கைதானே? உங்களுக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா?”

நல்ல கேள்வி. நழுவாமல் பதில் சொல்ல வேண்டும். நான் ஆடியதில் யாரும் தாழ்த்தப்படவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்துத் தான் கீழே என்று உணரப்போவதில்லை. ‘ஆண்டோம்’ என்ற சொல்லோ அப்படித் தனியாக நிற்கிற சொல் இல்லை. ஆளப்பட்டவன் ஒருத்தன் இல்லாமல் அந்த வாக்கியமே முடியாது. அந்த ஆளப்பட்டவனின் பேத்தி இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் கணக்கு நோட்டை நீட்டுகிறாள். அவளுக்கு மார்க் போடும் கை அதே கை. ஆசிரியரின் தனிவாழ்க்கை வகுப்பறைக்குள் நுழைகிற இடம் இதுதான். நடனத்தின் வழியாகவோ சேலையின் வழியாகவோ அது நுழைவதில்லை, ஒரு பிள்ளையைப் பற்றி முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பின் வழியாக நுழைகிறது.

2022 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் குளத்தூரில் ஓர் ஆசிரியை மாணவனிடம் போனில் சாதி பேசிய ஆடியோ வெளியே வந்து நாடே கேட்டது. ஆசிரியர்களின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எங்கள் ஜனங்களுக்கு அந்த ஆடியோவைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. எங்களுக்கு அது ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஊர்க்காரர்களுக்குத்தான் புதுசு.

*

‘சமூக ஊடகம் வந்த பிறகுதான் ஆசிரியர்களின் சொந்த வாழ்க்கை சந்திக்கு வந்தது’ என்று பத்திரிகைகளில் கவலைப்படுகிறார்கள். யாருடைய வாழ்க்கை? புனேயில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே வேலைக்கு நடந்துபோகும்போது சாணியும் கல்லும் எறிந்தார்கள். மாற்றிக்கட்ட இன்னொரு சேலையைப் பையில் எடுத்துக்கொண்டுதான் அந்த அம்மா பள்ளிக்குப் போனார். அன்றைக்கு பேஸ்புக் இல்லை, தெரு இருந்தது. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார் அம்பேத்கர், கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர். ஆசிரியர் அறையின் பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். ஒரு மனுஷன் தண்ணீர் குடிப்பது தனிவாழ்க்கையா, பணிநடத்தையா? எங்களைப் பொறுத்தவரை அப்படி இரண்டாகப் பிரிந்த வாழ்க்கை எப்போதும் இருந்ததில்லை. சாப்பாடு, தண்ணீர், துணி, தெரு, சாவு எல்லாமே எப்போதும் பொதுப் பார்வையில்தான் கிடந்தன.

‘தனிவாழ்க்கை’ என்பதே ஒரு சொத்து. அதுவும் சிலருக்குப் பட்டா உள்ள சொத்து. எங்களுக்குப் புறம்போக்கு.

இந்தக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 சுதந்திர தினத்தன்று ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் அவர்களைக் கொடியேற்ற விடவில்லை. ஓட்டு வாங்கி ஜெயித்த தலித் பெண். செய்தி வெளியே வந்து நாறிய பிறகுதான், ஐந்து நாள் கழித்து, கலெக்டர் வந்து நிற்க அவர் கொடியேற்றினார். தோக்கமூரில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே நின்ற தீண்டாமைச் சுவர் 2022 அக்டோபரில்தான் இடிபட்டது. சென்னை சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊர்கள் இவை. ஆயிரம் டன் இரும்பை உருக்கத் தெரிந்த வட்டாரம் ஒரு சுவரை இடிக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டது. இந்த மண்ணில் ஒரு டீச்சரின் ‘கண்ணியம்’ எந்தக் கண்ணால் அளக்கப்படும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

*

யார் யார் தண்டிக்கப்படுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள், அப்போது சூட்சுமம் விளங்கும்.

2010 பிப்ரவரியில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, அவர் இன்னொரு ஆணோடு இருந்ததைக் கேமராவில் பிடித்தார்கள். நுழைந்தவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் ஆகவில்லை. அவர்தான் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏப்ரல் முதல் தேதி அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் அவர் பிணமாகக் கிடந்தார்.

கொல்கத்தா செயின்ட் சேவியர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் உதவிப் பேராசிரியை. இன்ஸ்டாகிராமில் நீச்சலுடைப் படம் போட்டிருந்தார். ஒரு மாணவனின் அப்பா, தன் பையன் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினார். 2021 அக்டோபரில் தன்னைக் கூட்டத்தில் உட்காரவைத்து விசாரித்து ராஜினாமா வாங்கினார்கள் என்கிறார் அந்தப் பெண். தானாகத்தான் போனார் என்றது நிர்வாகம். 2022இல் செய்தி வெளியே வந்தது. வேலையில் சேருவதற்கு முன்பே போட்ட படங்கள் அவை என்பது அவர் வாதம். அதைவிட எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. பார்த்தவன் மகன், புகார் சொன்னவர் தகப்பன், வேலை போனது யாருக்கு?

ஜாம்ஷெட்பூரில் ஜீத்ராய் ஹன்ஸ்தா, ஆதிவாசி ஆசிரியர், நாடகக்காரர். மாட்டுக்கறி தின்பது ஆதிவாசிகளின் உரிமை என்று 2017இல் பேஸ்புக்கில் எழுதினார். 2019 மே மாதம், தேர்தல் முடிந்த கையோடு, கைது செய்யப்பட்டார். டெல்லி இந்துக் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ரத்தன் லால், தலித். 2022 மே மாதம் ஒரு பதிவுக்காக ராத்திரியில் கைதாகி, மறுநாள் ஜாமீனில் வந்தார்.

ஓர்பாலீர்ப்பு ஆண். தன் உடம்பை மறைக்காத பெண். ஆதிவாசி. தலித். பட்டியலை எங்கே நிறுத்தினாலும் இந்த நாலு பேருக்குள்தான் நிற்கும். ‘ஆசிரியர்களின் சமூக ஊடக ஒழுக்கம்’ என்று பொதுவாகப் பேசுகிற பேச்சுக்குப் பின்னால் இருக்கிற ஆட்கள் இவர்கள். எல்லா ஆசிரியர்களையும் அது குறிவைப்பதில்லை. ‘முன்மாதிரி ஆசிரியர்’ என்று அவர்கள் மனசில் வைத்திருக்கிற படத்துக்குள் அடங்காத உடம்புகளைத்தான் குறிவைக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவர் பூணூல் போட்ட குருவோ, குங்குமம் வைத்த குடும்பப் பெண்ணோதான். எங்களுக்கு அந்தச் சட்டகத்தில் இடம் வேண்டாம். சட்டகத்தையே உடைக்க வேண்டும் என்கிறோம்.

*

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இல் வந்தவை. அன்றைக்கு ஊரில் ஒரு போன் இருந்தால் பெரிய விஷயம். அந்த விதிகளை வைத்து இன்றைக்கு ஸ்டேட்டஸை அளக்கிறார்கள். ஆனால் நீதிமன்றங்கள் வேறு சிலதும் சொல்லியிருக்கின்றன, நம் தோழர்கள் அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அரசு வேலைக்குப் போனதால் ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். பேஸ்புக்கில் எழுதியதற்காக நடவடிக்கைக்கு ஆளான ஓர் அரசு ஊழியரின் வழக்கில், அரசு ஊழியருக்கும் கருத்துரிமை உண்டு என்றது திரிபுரா உயர்நீதிமன்றம், 2020இல். வாட்ஸப் குழுவில் மேலதிகாரிகளை விமர்சித்த தமிழ்நாடு கிராம வங்கி ஊழியரின் வழக்கில், ஊழியர்களுக்குத் தங்கள் மனக்குமுறலைக் கொட்ட உரிமை உண்டு என்றது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2023இல்.

எல்லாம் சரி. ஆனால் இவையெல்லாம் ஆர்டர் வைத்திருப்பவர்களுக்கு. பர்மனென்ட் ஆனவர்களுக்கு. வக்கீல் பீஸ் கட்ட முடிந்தவர்களுக்கு. பத்தாயிரத்துக்குக் கீழே சம்பளம் வாங்கி, சர்ட்டிபிகேட்டை அடகு வைத்ததுபோலக் கொடுத்துவிட்டு நிற்கிற தனியார் பள்ளி டீச்சருக்கு எந்த நீதிமன்றம்? சிப்காட்டில் கான்ட்ராக்ட் லேபருக்கு என்ன நிலைமையோ அதேதான் எங்களுக்கும். கையில் இருப்பது சாக்பீஸ், அது மட்டும்தான் வித்தியாசம். ஆசிரியர் சங்கங்கள் எங்களைத் தங்கள் ஆட்களாகவே நினைப்பதில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

*

இத்தோடு நிறுத்தினால் இது பாதி உண்மைதான். எங்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

‘என் போன், என் வாழ்க்கை’ என்று சொல்லி எல்லா ஆசிரியரும் தப்பித்துக்கொள்ள முடியாது. 2021 மே மாதம் சென்னை கே.கே. நகர் பத்மா சேஷாத்ரி பள்ளியின் விஷயம் எப்படி வெளியே வந்தது? முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் பேசியதால்தான். ஆசிரியர் ஒருவர் போக்ஸோ சட்டத்தில் கைதானார். ராத்திரியில் மாணவிக்கு மெசேஜ் அனுப்புகிறவனின் போன் அவனுடைய தனிவாழ்க்கை கிடையாது. அது பள்ளிக்கூடத்தின் இன்னொரு அறை, கதவைச் சாத்திய அறை. அங்கே விதி வேண்டும், விசாரணை வேண்டும், தண்டனையும் வேண்டும்.

அடுத்தது நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தப்பு. செங்கல் சூளையிலிருந்து வருகிற இருளர் பிள்ளை. அதற்கு ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, சோக மியூசிக் போட்டு ரீல்ஸ் விடுகிறார் சார். பிள்ளையின் முகம், கிழிந்த சட்டை, ஒழுகுகிற மூக்கு எல்லாம் உலகத்துக்குத் தெரிகிறது. பத்தாயிரம் லைக். “தெய்வம் சார் நீங்க” என்று கமென்ட். நான் கேட்கிறேன்: அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா? அதன் அம்மாவிடம் கேட்டீர்களா? பத்து வருஷம் கழித்து அது வேலைக்குப் போகும்போது இந்த வீடியோ கூடவே வருமே, யோசித்தீர்களா? கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளையைப் பிடித்துக் கேமரா முன்னால் நிறுத்தி “உன் சொந்த ஊர் எது?” என்று கேட்கிறீர்களே, அது பாடமா? என் நாற்பது நொடி ஆட்டத்துக்குக் கொதித்தவர்கள் ஒருத்தரும் இதைப் பணிநடத்தைக் குற்றம் என்று சொன்னதில்லை. ஏழையின் முகத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது என்ற நினைப்புதான் காரணம்.

அதே போன்தான் நல்லதும் செய்திருக்கிறது. 2018 ஜூனில் எங்கள் திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டுப் பக்கம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியர் பகவானுக்கு மாற்றல் வந்தது. பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத காட்சியை ஊரே, உலகமே பார்த்தது. மாற்றல் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆசிரியருக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது என்று கரஸ்பாண்டென்ட் கேட்டாரே, அவருக்கு வெளியகரத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். உடுத்துகிற துணியிலிருந்து வரவில்லை, ஒளித்துவைத்த சாதியிலிருந்தும் வரவில்லை. பிள்ளையைப் பிள்ளையாகப் பார்ப்பதிலிருந்து வருகிறது.

2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் மகாவிஷ்ணு என்கிற பேச்சாளர் வந்து, உடல் குறையோடும் வறுமையோடும் பிறப்பது போன ஜென்மத்துப் பாவம் என்று பிள்ளைகளுக்குப் போதித்தார். சங்கர் என்ற பார்வையற்ற தமிழாசிரியர் எழுந்து நின்று அங்கேயே கேள்வி கேட்டார். அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கர்மவினை என்பது என்ன? நாங்கள் ஏன் சேரியில் பிறந்தோம் என்பதற்கு இரண்டாயிரம் வருஷமாக அவர்கள் சொல்லிவரும் பதில்தானே? அதைத் தட்டிக்கேட்டவர் ஒரு தமிழாசிரியர். பேச்சாளர் செப்டம்பர் 7ஆம் தேதி கைதானார். சரி. ஆனால் தண்டனையாகத் தலைமையாசிரியர் ஒருவரை எங்கே மாற்றினார்கள் தெரியுமா? திருவள்ளூர் மாவட்டத்துக்கு. சென்னையில் தப்பு செய்தால் எங்கள் ஜில்லாவுக்கு அனுப்புவார்களாம். தண்ணியில்லாக் காடு என்று முன்னே சொல்வார்களே, அப்படி. எங்கள் பிள்ளைகள் யாருடைய போன ஜென்மப் பாவத்துக்கு இந்தத் தண்டனை ஆசிரியர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும்?

*

ஆகவே விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை யார் யாருக்காக எழுதுகிறார்கள் என்று கேட்கிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சின்னதுரையைக் கூடப் படித்த பையன்களே வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, ஆசிரியர் தேர்விலேயே சமூகநீதி குறித்த மனப்பான்மையைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மாணவன் கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறோம். ஆசிரியரின் ஸ்டேட்டஸில் தொங்குகிற கயிற்றை யார் அவிழ்ப்பது?

எனக்குத் தோன்றுகிற கோடு இதுதான். பிள்ளையின் மேல் அதிகாரம் பாய்கிற இடத்தில் விதி இருக்கட்டும், கறாராகவே இருக்கட்டும். பிள்ளையின் படத்தை எடுக்காதே, ராத்திரியில் மெசேஜ் அனுப்பாதே, உன் சாதியைப் பிள்ளையின் தலைமேல் வைக்காதே. அந்தக் கணக்கு சாரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னை உட்கார வைத்த அதே நாற்காலியில் அவரையும் ஒரு நாள் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி நான் என்ன தின்கிறேன், யாரோடு வாழ்கிறேன், எந்தச் சாமியைக் கும்பிடவில்லை, எந்தத் தெருவில் ஆடுகிறேன் என்பதெல்லாம் என் வாசலுக்கு உள்ளே. அந்த விதிப்புத்தகம் என் வாசலில் செருப்பைப் போல நிற்கட்டும்.

நம் மாணவர் தோழர்களுக்கு ஒன்று. பி.எட். முடித்த கையோடு பேஸ்புக்கில் இருந்த நீலக் கொடியையும் அம்பேத்கர் படத்தையும் எடுத்துவிடுகிறீர்கள், வேலைக்கு இடைஞ்சல் என்று. உங்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் நாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன். மறைத்து வாழ்கிறவர்களின் பயம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு வருஷமும் என் வகுப்பில் எங்க காலனிப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்கள் என்னை எந்தத் தெருக்காரி என்று தெரிந்தும் தெரியாததுபோல நடித்தார்கள், என் வேலைக்காக. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு அந்த நடிப்பை நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தமிழைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். என் பணிநடத்தையில் குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதைத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இப்போது காலனியிலேயே சாயங்காலம் பாடம் எடுக்கிறேன். சம்பளம் கிடையாது. அந்த ஐந்து பேரும் வருகிறார்கள். போன வாரம் அதில் ஒருத்தி கேட்டாள்: “மிஸ், அடுத்த ஏப்ரலுக்கு எங்களுக்கும் ஆடக் கத்துக்குடுப்பீங்களா?”

கரஸ்பாண்டென்ட் அய்யா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். ஆடலாம். ரோட்டில்தான் ஆட வேண்டும்.